வாடகை வீடு சேதமானால் யார் பொறுப்பு? வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ, வாடகை வீட்டுப் பிணக்குகள் வெளியே வருவது பெரும்பாலும் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான். சுவரில் வெடிப்பு, உடைந்த பேசின், எரிந்த தண்ணீர் மோட்டர், கட்டாத மின்கட்டணம் என ஒவ்வொன்றாகப் பட்டியல் நீளும். ‘நாங்கள் வரேக்கயே இது இப்பிடித்தான் இருந்தது’ என்று குடியிருந்தவர் சொல்வார். ‘புது வீடு மாதிரித் தந்தனான்’ என்று வீட்டுக்காரர் சொல்வார். இரண்டில் எது உண்மை என்று காட்டுவதற்கு எவரிடமும் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

போருக்குப் பிந்திய நமது சூழலில் இந்தப் பிணக்கின் பாரம் இரு பக்கமும் கூடுதலானது. வாடகைக்கு விடுபவர் எல்லோரும் வசதியானவர்கள் அல்லர். கணவரை இழந்த ஒரு தாய், வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் பிள்ளைகளைப் படிப்பிக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வாடகைப் பணத்தில் மருந்துச் செலவைப் பார்க்கும் முதியவர்களும் உண்டு. மறுபக்கம், வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறியே வயதாகிப்போன குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு, திரும்பி வரவேண்டிய வைப்புப்பணம்தான் அடுத்த வீட்டுக்கான முதல். அது மறிக்கப்பட்டால் போக இடமில்லை.

ஆகவே சேதம் ஏற்பட்டால் வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, குடியிருப்பவர் தன்னை எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்பவற்றை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

எழுத்தில் என்ன இருக்கிறது?

இலங்கையில் வீடு, காணி தொடர்பான உடன்படிக்கைகளுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன் 2ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதிக் கையொப்பமிடப்பட வேண்டும். மாதத்துக்கு மாதம் என்று விடப்படும் வாடகைக்கு இது தேவையில்லை. அது வாய்ப்பேச்சிலும் செல்லும். அதை முடிப்பதற்குப் பொதுவாக ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

நம்மிடையே நடப்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. கடையில் ஒரு படிவத்தை வாங்கி, ‘இரண்டு வருடத்துக்கு’ என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பம் வைத்துக்கொள்கிறோம். நொத்தாரிசு இல்லாத அந்தத் தாளை வைத்து இரண்டு வருடக் குத்தகை என்று நீதிமன்றத்தில் நிறுவ முடியாது. வாடகை கொடுத்து அங்கே வசித்தவர் பெரும்பாலும் மாத வாடகைக் குடியிருப்பாளராகவே கொள்ளப்படுவார். அதற்காக அந்தத் தாளை வீசிவிட வேண்டியதில்லை. எவ்வளவு பணம் கைமாறியது, எந்தப் பொருட்கள் ஒப்படைக்கப்பட்டன என்பதைக் காட்ட, குறிப்பாக மத்தியஸ்த சபையில், அது உதவும்.

பல வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுக்கவே பயப்படுகிறார்கள். எழுதினால் குடியிருப்பவர் உரிமை கொண்டாடிவிடுவார் என்பது பழைய அச்சம். உண்மையில் ஒழுங்கான குத்தகை உறுதி வீட்டுக்காரரையே கூடுதலாகப் பாதுகாக்கிறது. ‘இவர் எனது அனுமதியோடு, வாடகைக்கு, இந்தத் திகதி வரை இருக்கிறார்’ என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. காலம் முடிந்தும் வெளியேறாத குத்தகைகாரரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒரு சுருக்கமான நடைமுறையைத் தந்திருக்கிறது. அந்த வழியில் போவதற்கும் முறையாக எழுதப்பட்ட உடன்படிக்கையே அடிப்படை. குடியிருப்பவருக்கும் இதனால் நன்மை உண்டு. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது வதிவிடத்துக்கான சான்றாகப் பதிவு செய்யப்பட்ட குத்தகை உறுதியைக் காட்டலாம்.

சீதன வீடும் வெளிநாட்டு உரிமையாளரும்

வடக்கில் வீடுகள் பல பெண்களின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டவை. தேசவழமைக்கு உட்பட்ட, திருமணமான ஒரு பெண் தனது அசையாச் சொத்தை உயிரோடிருக்கும் காலத்தில் கையாளுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. குத்தகை உறுதி எழுதப் போகும்போது நொத்தாரிசு இதைக் கேட்டால் வியப்படைய வேண்டாம்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு இது நெஞ்சைக் குத்தும் கேள்வி. இல்லாத ஒருவரிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது? கணவர் இருக்குமிடம் தெரியாத நிலை, அவர் கைவிட்டுப் போன நிலை போன்றவற்றில் மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெற அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்காக மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், உடனே நம்பாமல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று குடியிருப்பவர் கேட்டுப் பார்க்க வேண்டும். சித்தப்பாவிடம் வைப்புப்பணத்தைக் கொடுத்துவிட்டு, வெளியேறும்போது ‘காசு எனக்கு வரவில்லை, அவரிடம் கேளுங்கள்’ என்ற பதிலை வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள் பலர். யார் பணம் பெறுகிறாரோ அவரே, யாருக்காகப் பெறுகிறார் என்பதையும் எழுதிப் பற்றுச்சீட்டுத் தரவேண்டும்.

முற்பணம் வேறு, வைப்புப்பணம் வேறு

‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பணங்களுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முற்பணம் என்பது வரப்போகும் மாதங்களின் வாடகையை முன்கூட்டியே கொடுப்பது. மாதந்தோறும் அது கழிந்துகொண்டு போகும். வைப்புப்பணம் என்பது சேதத்துக்கும் நிலுவைக்கும் உத்தரவாதமாக வீட்டுக்காரரிடம் இருக்கும் பணம். அது கழியாது. வீட்டை ஒப்படைக்கும்போது, நியாயமான கழிவு போக மிச்சம் திரும்பி வரவேண்டும்.

ஒரு வருட வாடகையை முற்பணமாக வாங்கி முழுவதையும் வாடகையில் கழித்துவிட்ட வீட்டுக்காரரின் கையில், கடைசி மாதத்தில் சேதத்துக்கென்று எதுவும் மிஞ்சாது. அதேபோல, ‘கடைசி மூன்று மாத வாடகையை டெபொசிற்றில் கழியுங்கோ’ என்று குடியிருப்பவர் சொல்ல, வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இரண்டு தொகைகளையும் தனித்தனியே எழுதுங்கள். எது எதற்கு, எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரப்படும் என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

குடிபுகும் நாளில் செய்ய வேண்டியது

சேதப் பிணக்கில் வெற்றி தோல்வி குடிபுகும் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அன்று ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து, கைபேசியில் காணொளி எடுங்கள். யன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, மின்விசிறி, ஆளிகள், மலசலகூடத்துக் குழாய்கள், தண்ணீர்த் தாங்கி, மோட்டர், கிணற்றுக் கப்பி, கூரையின் கீழ்ப்பக்கம், மதில், படலை வரை எல்லாம் அதில் வரட்டும். மின்மானியின் இலக்கத்தைத் தனியாகப் படம் எடுங்கள். அந்தக் காணொளியை அன்றே வாட்ஸ்அப்பில் மற்றவருக்கு அனுப்பிவிட்டால் திகதியும் நேரமும் இருவரிடமும் பதிவாகும். பிறகு ஒரு தாளில் பொருட்களின் பட்டியலை எழுதி, இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையொப்பமிடுங்கள்.

நமது பகுதிகளில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே பல வீடுகள் போரைக் கண்டவை. ஷெல் விழுந்து கூரை மாற்றிய வீடு, துப்பாக்கி ரவை துளைத்த இடத்தைச் சீமெந்தால் பூசிய சுவர், ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து கறையான் பிடித்த மரங்கள், துருவேறிப் பருத்துச் சீமெந்தைப் பிளக்கும் கம்பிகள் எல்லாம் உண்டு. புதிதாக வர்ணம் பூசினால் இவை மறைந்துவிடும். ஒரு மாரி கழிந்ததும் அதே இடத்தில் வெடிப்பு மீண்டும் தெரியும். அந்த நேரம் வீட்டில் இருப்பவர் தலையில் பழி விழும். ஆகவே பழைய காயங்களை வீட்டுக்காரர் தாமாகவே காட்டி, பட்டியலில் எழுதுவது நல்லது. அது அவருக்கு இழிவு அல்ல.

தேய்மானம் எது, சேதம் எது?

எழுத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத இடத்தில், நமது நாட்டில் வீட்டு வாடகைக்கு உரோம-டச்சுச் சட்டத்தின் பொதுவான கொள்கை பொருந்தும். குடியிருப்பவர் வீட்டைக் கவனமாகப் பாவித்து, பெற்ற நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்லர். வீட்டை வசிக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை.

நடைமுறையில் இதை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

வெயிலில் மங்கிய வர்ணம், நடந்து தேய்ந்த சீமெந்து நிலம், பழசாகி இறுகிப்போன குழாய், காற்றில் விலகிய ஓடு, உவர் நீரால் அரித்த இரும்புக் குழாய், கறையான் அரித்த வளை ஆகியவை தேய்மானமும் காலத்தின் விளைவும். இவை வீட்டுக்காரரின் செலவு. மாரி மழையில் வெள்ளம் வந்தோ, புயலில் மரம் விழுந்தோ ஏற்படும் பழுதும் குடியிருப்பவரின் பொறுப்பு அல்ல.

உடைத்த கண்ணாடி, பிடுங்கிய ஆளி, அனுமதியின்றி இடித்த தட்டி, ரைல்ஸில் துளைத்த ஓட்டைகள், விறகடுப்பை அறைக்குள் வைத்துக் கரியாக்கிய சுவர், குழந்தைத் துணிகளைப் போட்டு அடைத்த மலக்குழி, எடுத்துச் சென்ற மின்விசிறி ஆகியவை சேதமும் இழப்பும். இவை குடியிருந்தவரின் செலவு. அவருடைய பிள்ளைகளோ விருந்தினரோ செய்திருந்தாலும் பொதுவாக அவரே பதில் சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு வகை இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, அது வீட்டுக்காரர் திருத்த வேண்டியது. ஆனால் ஒழுகுவதை ஆறு மாதமாகச் சொல்லாமல் விட்டதால் சீலிங் உளுத்து விழுந்தால், அறிவிக்காமல் விட்டதற்கான பங்கைக் குடியிருப்பவர் ஏற்க வேண்டி வரும். மாறாக, மூன்று தடவை சொல்லியும் வீட்டுக்காரர் திருத்தாவிட்டால் அவர் சீலிங்குக்குக் காசு கேட்க முடியாது. சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். தொலைபேசியில் சொன்னாலும், பின்னர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.

கழிக்கும் கணக்கு

வீட்டுக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பழைய பொருள் உடைந்தால் புதுப் பொருளின் முழு விலையையும் கேட்பது நியாயமாகாது. இழந்தது பழைய பொருளின் மிச்ச ஆயுள் மட்டும்தான்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வைப்புப்பணம் 75,000 ரூபா. குடும்பம் இரண்டு வருடம் இருந்து வெளியேறுகிறது.

பேசின் உடைந்திருக்கிறது. புதிது வாங்கிப் பூட்டக் கூலியோடு 14,000 ரூபா. உடைந்தது 5 வருடம் பழையது. ஆயுள் 10 வருடம் என்று கொண்டால் குடியிருந்தவரின் பங்கு பாதி, 7,000 ரூபா.

வீடு முழுவதும் வர்ணம் பூச வீட்டுக்காரர் 60,000 ரூபா கேட்கிறார். கடைசியாகப் பூசி 4 வருடம். பூச்சு 5 வருடம் நிற்கும் என்று கொண்டால் எப்படியும் அடுத்த வருடம் பூசத்தான் வேண்டும். பிள்ளைகள் கிறுக்கியதும் ஆணி அடித்ததும் ஓர் அறையில் மட்டும். அந்த அறைக்குப் பூச 15,000 ரூபா. அதில் ஐந்தில் ஒரு பங்கு 3,000 ரூபா. ஓட்டைகளை அடைக்க மேசன் கூலி 2,000 ரூபா.

தண்ணீர் மோட்டர் எரிந்துவிட்டது. திருத்துபவர் பார்த்துவிட்டு, 7 வருடப் பழைய மோட்டர், உள்ளே தேய்ந்து போய்விட்டது என்று எழுதிக் கொடுக்கிறார். இது வீட்டுக்காரரின் செலவு. கோடையில் கிணறு வற்றிய நேரம், எச்சரித்தும் கேளாமல் ஓடவிட்டதால் எரிந்திருந்தால் கதை வேறு.

நிலுவையான மின்கட்டணம் 9,500 ரூபா. இது முழுவதும் குடியிருந்தவருடையது.

கழிவு மொத்தம் 21,500 ரூபா. திருப்பிக் கொடுக்க வேண்டியது 53,500 ரூபா. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டுகளோடு காட்டினால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. ‘எல்லாம் சேர்த்து டெபொசிற் சரி’ என்று வாயால் சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

வீட்டுக்காரர் செய்யக்கூடாதவை

கோபத்தில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது, மோட்டரைக் கழற்றுவது, பொருட்களை முற்றத்தில் தூக்கிப் போடுவது எல்லாம் வீட்டுக்காரருக்கே பாதகமாக முடியும். வீடு உங்களுடையதாக இருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. அப்படி வெளியேற்றப்பட்டவர் விடயத்தில், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரலாம். வழக்குத் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அவர் பலவந்தமாக அகற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் உள்ளே இருத்தும்படி நீதவான் கட்டளையிட முடியும். அந்த வழக்கில் வீடு யாருடையது என்பது முதல் கேள்வி அல்ல. யார் அங்கே இருந்தார் என்பதே கேள்வி.

குடியிருப்பவரின் பொருட்களைச் சேதத்துக்கு ஈடாகத் தானாகவே பறித்து வைத்துக்கொள்வதும் இதே வகைச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பழைய வாடகை வீடுகள்

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எளிதில் எழுப்ப முடியாதபடி பாதுகாக்கிறது. 1980இல் வந்த திருத்தம் புதிய வீடுகள் பலவற்றை அதன் எல்லைக்கு வெளியே எடுத்தது. ஆனாலும் நகரங்களில் உள்ள பழைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் அது இன்னும் பொருந்தக்கூடும். அந்தச் சட்டத்தின் கீழும், குடியிருப்பவரின் செயலாலோ கவனயீனத்தாலோ கட்டடத்தின் நிலை கெட்டுப்போனது என்று நீதிமன்றம் கருதினால், அது வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகும். காலத்தால் வந்த பழுதையும் குடியிருந்தவரால் வந்த பழுதையும் பிரித்துக் காட்டும் சுமை வழக்கில் பெரிது. படங்களும் பழைய பட்டியலும் அங்கேயும் உதவும்.

பேசித் தீராவிட்டால்

முதல் படி கடிதம். என்ன சேதம், எவ்வளவு செலவு, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வைப்புப்பணம் திரும்பாத குடியிருப்பாளரும் இதையே செய்யலாம்.

இரண்டாவது படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்கே வரவேண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. முறைப்பாடு கொடுக்கும்போது தற்போதைய எல்லையைச் சபையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும். சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை. தமிழிலேயே பேசலாம். இணக்கம் வந்தால் எழுதிக் கையொப்பமிடுவார்கள். வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அதோடுதான் மாவட்ட நீதிமன்றம் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் தமது மாவட்டத்துச் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம்.

காலத்தை மறந்துவிடக் கூடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்துமூல ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு 6 வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம், ஒப்பந்தம் சாராத சேதத்துக்கான நட்டஈட்டுக்கு 2 வருடம் என்று எல்லை உண்டு. ‘அடுத்த தைக்குத் தாறன்’ என்ற வாக்குறுதியில் தை மாதங்கள் பல ஓடிவிடும்.

ஒப்படைக்கும் நாளில் எழுத வேண்டிய நான்கு வரி

கணக்குத் தீர்ந்ததும், திறப்பைக் கொடுத்துக் கைகுலுக்கிவிட்டுப் போகாமல் இதை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வீடு இன்ன திகதியில் ஒப்படைக்கப்பட்டது. மின்மானி இலக்கம் இது. வைப்புப்பணத்தில் இன்ன காரணங்களுக்காக இவ்வளவு கழிக்கப்பட்டு, மிகுதி இவ்வளவு கொடுக்கப்பட்டது. இனி ஒருவரிடம் மற்றவர் கேட்பதற்கு எதுவும் இல்லை.

கடைசி வரியைக் கணக்கு உண்மையாகவே தீர்ந்த பிறகு மட்டும் எழுதுங்கள். மிகுதிப் பணம் பிறகு வரும் என்றால், எப்போது வரும் என்ற திகதியே அந்த இடத்தில் இருக்க வேண்டும்.